சம்பளம் வாங்காதவர்

முதல் சொட்டு விழுந்தபோது எரிந்தது. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்துவிட்டதுபோல முதலில் ஒரு காந்தல், பிறகு குளிர்ச்சி, பிறகு மூக்கின் உள்வழியாகத் தொண்டைக்கு இறங்கிய ஒரு கசப்பு. "கண்ண மூடியே வச்சிருங்க தாத்தா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விடணும், நாலு தடவ. கண்ணு பாப்பா நல்லா விரிஞ்சாத்தான் டாக்டர் உள்ள பாக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அந்த சிஸ்டர் பெஞ்சில் அடுத்த கண்ணுக்குப் போய்விட்டாள். தாத்தாவாம். தவசிமுத்துவை ஊர் அண்ணாச்சி என்றிருக்கிறது, தலைவரே என்றிருக்கிறது, ஒரு ஏட்டையா 'வாரும்வே வம்பு' என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைது செய்திருக்கிறார். எழுபத்து மூன்று வயதில் வெறும் தாத்தாவாகக் கண்ணை மூடி உட்கார வைத்தது இந்தத் தயாபரன் மிஷன் ஆஸ்பத்திரிதான். இதே ஆஸ்பத்திரியின் கேட்டுக்கு எதிரே அவர் நாற்பத்தொரு நாள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தபோது இந்தப் பெண்ணின் தாய்க்கே கல்யாணம் ஆகியிருக்காது. சரி, கண் என்று வந்துவிட்டால் கொள்கை பார்க்க முடியுமா, மாவட்டத்தில் கண்ணுக்கு இருப்பது இந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி. இடது பக்கத்தில் மனைவி நேசம்மாள் இருக்கிறாள் என்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது. மூட்டு வலிக்குப் போடும் தைல வாசனை. முப்பத்து நாலு வருசம் இந்த ஆஸ்பத்திரியின் வார்டுகளில் ஆயாவாகக் குனிந்து நிமிர்ந்த முட்டி. அவளுக்கு இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டே நடக்கத் தெரியும். அவருக்கு வாசல் கேட் வரைதான் தெரியும். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் மார்பில் உறுத்தியது. பதினொரு மணிக்குச் சண்முகக்கனி வருவான். லேப் அட்டெண்டர், இப்போது தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். தாளை வாங்கிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடுவான். நாளைக் காலையில் புது இயக்குநர் பொறுப்பேற்க வரும்போது கேட்டில் நிற்கிற ஒவ்வொரு கையிலும் அந்த நோட்டீஸ் இருக்க வேண்டும், அதன் அடியில் தவசிமுத்து என்ற பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அது பஜ்ஜி மடிக்கிற காகிதம்.

விடியற்காலையில் ஒரே மூச்சில் எழுதியதுதான். எட்டாம் வகுப்பு தாண்டாத மனிதர். மீதிப் படிப்பெல்லாம் நாலணாப் புத்தகமும், பொதுக்கூட்டத்தில் கொடுத்த துண்டறிக்கையும், டீக்கடைச் சுவரில் ஒட்டிக் கிழிந்த போஸ்டரின் மிச்சமும்தான். ஆனால் நோட்டீஸ் எழுதுவதில் பி.ஏ. படித்தவன் அவர் கால் தூசிக்கு வரமாட்டான். முதல் வரியில் ஒரு கேள்வி, இரண்டாம் வரியில் ஒரு தொகை, மூன்றாம் வரியில் ஒரு சாட்டை. அதுதான் முறை. தொகை சரியாக இருக்க வேண்டும், அதில் ஒரு ரூபாய் பிசகினால் எதிராளி அந்த ஒரு ரூபாயைப் பிடித்துத் தொங்குவான். அதனால் சம்பளங்கள் அவருக்கு மனப்பாடம். எண்பதில் நூற்பாலை மானேஜர் வாங்கியது, தொண்ணூற்றிரண்டில் கூட்டுறவுச் சங்கத் தனி அலுவலர் வாங்கியது, பள்ளிக்கூடக் கரெஸ்பாண்டென்ட் வாங்கியதாகக் காட்டியது, வாங்கியதாகக் காட்டாமல் வாங்கியது. பிறர் சம்பளத்தை இப்படிச் சொத்துப் பத்திரம்போல வைத்திருந்த மனிதன் இந்த ஜில்லாவில் வேறு இல்லை. நாளைக்கு வரப்போகிற டாக்டர் கிளாட்சனுக்கு மாதம் மூன்றரை லட்சம். ஊழியமாம், தர்மமாம், மூன்றரை லட்சமாம். அதற்குக் கீழே, ஆயாவுக்கோ, என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். அந்தத் தொகையைச் சண்முகக்கனியிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். அது கிடக்கட்டும். உறுத்துவது அது இல்லை. உறுத்துவது அதற்கு அடுத்த வரி. 'இதே நாற்காலியில் முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு காசு சம்பளம் வாங்காமல் உழைத்த உத்தமர் அருமைநாயகம் ஐயாவின் இடத்துக்கா இந்த மூன்றரை லட்சம்?' நல்ல வரி. நாக்கில் போட்டுப் பார்த்தால் ஓடுகிறது. எழுதி முடித்ததும் பேனா அந்த வரியின் கடைசியில் நின்று ஒரு புள்ளி வைத்தது, புள்ளி மேல் இன்னொரு புள்ளி வைத்தது, தாள் ஓட்டை விழும் அளவுக்கு வைத்தது. ஏன் என்று தெரியவில்லை.

"அந்தா, செவத்துல இருக்காவ பாருங்க, அந்த ஐயா இருந்த வரைக்கும் இது கோயிலு" என்று வலது பக்கத்தில் ஒரு குரல் சொல்லிற்று. கிராமத்துக் குரல், பொக்கை வாய். "செருப்பே போடமாட்டாவ. கறி, மீனு ஒண்ணும் கெடையாது. ஒத்தப் பைசா வாங்கல. இப்போ வாரவனுக்கு லெச்சக் கணக்குல குடுக்காவளாம்லா?" தவசிமுத்து ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்தார். எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம், அதற்குள் ஒரு வெளுப்பு, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மினுக்கு. சொட்டு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. "ஆமா" என்றார். "அந்த ஐயாவ அந்த நாக்காலியில உக்கார வச்சது யாருன்னு தெரியுமா ஒமக்கு?" என்று கேட்க வாய் வந்தது, பக்கத்தில் தைல வாசனை அசைந்ததால் விழுங்கிக்கொண்டார். நான்தான்வே. எண்பத்தாறு. நாற்பத்தொரு நாள் பந்தல், பதினெட்டு நாள் பாளையங்கோட்டை ஜெயில். ஐம்பது வருசத்தில் எத்தனை போராட்டம், எத்தனை கோரிக்கை, பாதி தோல்வி, கால்வாசி ராஜி, மீதி இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது, வாதியும் பிரதிவாதியும் செத்துப்போன வழக்குகள். முழுசாக, கேட்டதைக் கேட்டபடி வாங்கியது இந்த ஒன்றுதான். கோரிக்கை ஒரே வரி. சம்பளம் வாங்காத தலைவர் வேண்டும். வந்தார். ஒரு மனுசனுக்கு வாழ்நாளில் ஒரு வெற்றி போதாதா. அந்த ஒரு வெற்றியைப் போர்த்திக்கொண்டுதான் அவர் இத்தனை குளிர்காலத்தைத் தாண்டியிருக்கிறார், அதில் யாராவது நூல் பிடித்து இழுத்தால்...

இரண்டாவது சொட்டு. இந்தத் தடவை எரிச்சல் குறைவு, கசப்பு அதே. டெட்டால் வாசனையோடு யாரோ சிகரெட் புகைத்ததுபோல, இல்லை, ஆஸ்பத்திரியில் யார் புகைப்பார்கள், அது அப்போதைய இயக்குநர் டாக்டர் மாசிலாமணியின் அறை. எண்பத்தாறில் இங்கே சிகரெட்டும் இருந்தது, அம்பாசிடரும் இருந்தது, மாதம் ஒன்பதாயிரம் சம்பளமும் இருந்தது. அப்போது ஒன்பதாயிரம் என்றால் ஊரே மூக்கில் விரல் வைக்கும். 'இயேசுவுக்கு மாட்டுத் தொழுவம், இயக்குநருக்கு அம்பாசிடரா!' அந்தக் கோஷம் தவசிமுத்துவின் சொந்தச் சரக்கு. ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது வந்தது. கோயிலுக்குப் போகிற கிழவிகள்கூட அதை முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்ட அன்று மாசிலாமணி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து புகையை ஜன்னலைப் பார்த்து விட்டார். திமிர் பிடித்த மனுசன். கையெழுத்துப் போடும்போதுகூட பேனாவைக் குத்தித்தான் பிடிப்பார். பிரசவ வார்டு கட்டினவர், ஆயாக்களுக்கு வருங்கால வைப்பு நிதி என்ற ஒன்று உண்டு என்று சபையோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவர். அதையெல்லாம் அப்போது யார் பேசினார்கள், நோட்டீஸில் அதற்கு இடம் ஏது. "தவசிமுத்து" என்றார், "என் சம்பளத்த கொறச்சா ஆயாவுக்குக் கூடும்னு நெனைக்கீரா? கூடாதுவே. எனக்குத் தாரத காட்டி அவங்களுக்குக் கேளும். ஒனக்கு ஒம்பதாயிரம், எங்களுக்கு என்னன்னு கேளும். தரலேன்னா என்ன நடுரோட்டுல வச்சு ஏசும். சம்பளம் வாங்குதவன ஏசலாம். அதுக்குத்தான்வே அவனுக்குச் சம்பளம்." அதற்குத் தவசிமுத்து சொன்ன பதிலுக்குச் சுற்றி நின்ற பதினாறு பேரும் கைதட்டினார்கள். "தர்மத்த கூலிக்கு விக்கிற எடத்துல எங்களுக்குப் பங்கு வேண்டாம்." கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது முப்பத்தெட்டு வருசம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்டிக் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதா தெரிய வேண்டும். மாசிலாமணி இரண்டு மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டு வளைகுடாப் பக்கம் போனார். போகும்போது காரைச் சபைக்கே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனார் என்று நேசம்மாள் சொன்னாள். அதை நோட்டீஸில் போட முடியாது என்பதால் அவர் மறந்துவிட்டார். இப்போது எப்படி ஞாபகம் வந்தது. மேலே மின்விசிறி டக், டக் என்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதையோ இடித்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீரும், விட ஆள் இல்லை. யார் விடுவது, யாரிடம் சொல்வது.

யாரிடம் சொல்வது. அருமைநாயகம் ஐயா காலத்தில் இந்த விசிறியெல்லாம் இப்படித்தான் இடித்தன, ஆபரேஷன் தியேட்டர் இரண்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது, எக்ஸ்ரே மெஷின் மேல் துணி போட்டு மூடி அதன் மேல் பைபிளை வைத்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அந்த மனுசன் திருடன் இல்லை, அதை எந்தச் சபையிலும் தவசிமுத்து சத்தியம் செய்வார். வெறுங்காலோடு வார்டு வார்டாக நடப்பார், ஒருவேளைக் கஞ்சி, ஒரு கயிற்றுக் கட்டில். குற்றம் சொல்ல ஒரு நூல் கிடைக்காது. தொண்ணூற்றைந்தில் பதினோரு ஆயாக்கள் சேர்ந்து சம்பளம் கூட்டக் கேட்டுப் போனார்கள், நேசம்மாளும் ஒருத்தி. அன்று சாயங்காலம் வந்து அவள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மத்தியானம் போனோம். கஞ்சி குடிச்சிட்டு இருந்தாவ. எங்களயும் உக்காரச் சொல்லி ஆளுக்கு ஒரு கிளாசு ஊத்துனாவ. அம்மா, நான் என்ன வாங்குதேன், சொல்லுங்கன்னாவ. ஒருத்திக்கும் வாய் வரல. நான் ஒண்ணும் வாங்காம இருக்கும்போது நீங்க கூடக் கேக்கியளேன்னு பொலபொலன்னு அழுதுட்டாவ. நாங்களும் அழுதோம். பெறகு நாங்கதான் அவிய கண்ண தொடச்சுவிட்டோம். வந்துட்டோம்." அதைக் கேட்டு அவர் சிரித்தார். பெருமையாகச் சிரித்தார். பாத்தியா, நாங்க கொண்டுவந்த ஆளு. அப்போது அவள் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள், முகம் தெரியவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. அடுத்த பன்னிரண்டு வருசம் ஒரு ஆயாவும் கேட்டுப் போகவில்லை. ஒன்பதாயிரம் வாங்கினவனை நாற்பத்தொரு நாள் ஏச முடிந்தது. ஒன்றும் வாங்காதவனை ஒருநாள்கூட ஏச முடியவில்லை. அடேயப்பா, ஒன்றும் வாங்காமல் எவ்வளவு பெரிய பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் அந்த உத்தமர். அந்தப் பூட்டைச் செய்து கொடுத்தது யார்.

"கண்ண தொறங்க தாத்தா. மேல பாருங்க. ஆ, அப்படித்தான்." மூன்றாவது. இப்போது எரிச்சலே இல்லை. திறந்த கண்ணில் வெளிச்சம் வெள்ளம்போல வந்து புகுந்தது, ஜன்னல் கரைந்து சுவரில் வழிந்தது. படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. சிஸ்டரின் முகத்தில் மூக்கு இல்லை. இது இப்படியே நின்றுவிட்டால்? ரெண்டு கண்ணுலயும் புரை பழுத்திருக்கு, ஒரு கண்ணில் உள்நரம்பும் சரியில்லை போலிருக்கு, பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று போன வாரம் சொன்னார்கள். பார்வை போனால் எழுத முடியாது. எழுத முடியாத தவசிமுத்து யார். சங்கத்தில் சம்பளம் வாங்காத தலைவர். ஐம்பது வருசம் ஒரு காசு வாங்கவில்லை. தொண்ணூற்றொன்றில் பொதுக்குழுவில் மாதம் முந்நூறு ரூபாய் படி கொடுக்கலாம் என்று தீர்மானமே கொண்டுவந்தார்கள். எழுந்து நின்று வேண்டாம் என்றார், மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அந்த வருசம்தான் அடைமழை, ஓட்டுக் கூரையில் நாலு இடத்தில் ஒழுகியது. நாலு பாத்திரம் வைத்தாள், நாலுக்கும் நாலு சத்தம். படி வேண்டாம்னு சொல்லிட்டியளாமே, என்று கேட்டாள். யார் சொன்னது ஒனக்கு, என்றார். வார்டுல பேசிக்கிட்டாவ, என்றாள். ஒடஞ்ச ஓட்டையாவது மாத்தியிருக்கலாம், என்றாள். ஏளா, நான் என்ன எனக்காவா செய்யுதேன், என்று கேட்டார். அவள் சரி என்றாள். அதோடு சரி. அவள் சரி என்று சொன்ன விதம், சொல்லிவிட்டு நிறைந்த பாத்திரத்தை எடுத்து வாசலில் ஊற்றின விதம். விசிறி டக் என்று இடித்தது. பஸ் ஸ்டாண்டில் ஏழாம் நம்பர் பஸ் இப்போது நிற்குமா, போகும்போது ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்குமோ, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி இங்கேயே கொடுப்பார்களா. நான் என்ன எனக்காவா செய்யுதேன். நான் என்ன வாங்குதேன், சொல்லுங்க. ஆட்டோ என்றால் அறுபது கேட்பான். நான் என்ன வாங்குதேன். இரண்டும் ஒரே ராகம். ஒரே அச்சில் அடித்த இரண்டு நோட்டீஸ். சே, அது வேறு இது வேறு, அவர் ஒரு ஸ்தாபனத்தை வைத்திருந்தார், நான் என்ன வைத்திருந்தேன், ஒரு வீடு, அதிலும் நாலு ஓட்டை. அந்த வீட்டில் அரிசி எப்படி வந்தது என்று ஒரு நோட்டீஸ் எழுதினால் முதல் வரியில் என்ன கேள்வி வரும். அலமாரியில் ஒரு பவுடர் டப்பா இருக்கும். அதில் அவள் சம்பளம். பஸ்ஸுக்கு, பீடிக்கு, ஜாமீனுக்கு அதிலிருந்துதான் எடுப்பார். எண்ண மாட்டார். பெண்டாட்டி காசை எண்ணிப் பார்க்கிறவன் போராளி இல்லை என்பது அவருடைய கௌரவம். எண்ணாமலே எடுப்பார்.

செருப்புச் சத்தம் ஓட்டமும் நடையுமாக வந்தது. "அண்ணாச்சி! கண்ண மூடிக்கிட்டு தவமா? நேசம்மா மதினி, சொகமா? தாள குடுங்க அண்ணாச்சி, அச்சாபீஸ்ல பன்னெண்டு மணிக்குள்ள வேணும்னு உசுர எடுக்கான்." சண்முகக்கனி பெஞ்சின் முன்னால் குந்தி உட்கார்ந்தது மூச்சின் உயரத்தில் தெரிந்தது. தவசிமுத்து சட்டைப் பையைத் தொட்டார், எடுக்கவில்லை.

"ஒருக்கா வாசிச்சிரணும்" என்றார். அது அவருடைய வழக்கம். அச்சுக்குப் போகுமுன் நோட்டீஸைச் சத்தமாக வாசித்துக் கேட்டாக வேண்டும், காதில் இடறினால் கண்ணிலும் இடறும்.

"நீங்க எங்க வாசிக்க, சொட்டு விட்டிருக்கே. எங்கிட்ட தாங்க."

"ஒனக்கு என் எழுத்து ஓடாதுடே. ஏளா, நேசம், நீ வாசி."

அவள் இதுவரை ஒரு நோட்டீஸையும் வாசித்ததில்லை. கேட்டதுமில்லை, அவர் கொடுத்ததுமில்லை. தாள் பிரியும் சத்தம், கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம். பிறகு அவள் குரல், வார்டில் மருந்துச் சீட்டு வாசிக்கிற குரல், ஏற்றம் இறக்கம் இல்லாமல். "ஊழியமா, உத்தியோகமா? தயாபரன் மிஷன் ஆஸ்பத்திரியின் புதிய இயக்குநருக்கு மாதம் மூன்றரை லட்சம் ரூபாய். ஆயாவுக்கோ..." நின்றாள்.

"வாசி."

"இங்க ஒரு எடம் காலியா கெடக்கு."

"அது சண்முகக்கனி சொல்லுவான், போட்டுக்கிடலாம். மேல வாசி."

அவள் வாசிக்கவில்லை. சண்முகக்கனி தொண்டையைச் செருமினான். "அது வந்து அண்ணாச்சி... எனக்கும் கரெக்டா தெரியாது. ஆயாமாரு சம்பளம் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். மதினிகிட்டயே..." என்று இழுத்து நிறுத்தினான். விசிறி ஒரு சுற்று சுற்றி இடித்தது, இன்னொரு சுற்று சுற்றி இடித்தது. அப்புறம் அவளாகவே அடுத்த வரிக்குப் போனாள். "இதே நாற்காலியில் முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு காசு சம்பளம் வாங்காமல் உழைத்த உத்தமர்..." மறுபடியும் நின்றாள். இந்தத் தடவை ஒரு மெல்லிய காற்று மூக்கு வழியாக வந்தது. சிரிக்கிறாளா. ஆம், சிரிக்கிறாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. சம்பளம் வாங்காத உத்தமர்னு நான் வேல பாத்தது ஒருத்தர்கிட்ட இல்ல, ரெண்டு பேருகிட்ட. ஒருத்தர அடக்கம் பண்ணியாச்சு."

சண்முகக்கனி பக்கென்று சிரித்துவிட்டான். சிரித்ததை உடனே இருமலாக மாற்றினான். தவசிமுத்துவுக்கு முகம் சூடாயிற்று, காது மடல் வரை சூடாயிற்று. வாயில் பதில் இல்லாமல் இருந்ததில்லை அவருக்கு. மாசிலாமணிக்கு இருந்தது, கலெக்டருக்கு இருந்தது, மாஜிஸ்திரேட்டுக்கு இருந்தது. 'நான் என்ன எனக்காவா' என்று நாக்கின் நுனி வரை வந்தது, பழக்கம், ஐம்பது வருசப் பழக்கம், அங்கேயே அந்தக் கசப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. மூடிய இமைக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நாலு பாத்திரத்தின் நாலு சத்தம். எண்பத்தாறில் கேட்டு வாங்கின வெற்றியின் விலை இந்தப் பெஞ்சில் இடது பக்கத்தில் தைல வாசனையாக உட்கார்ந்திருக்கிறது, நோட்டீஸ் வாசிக்கிறது.

நாலாவது சொட்டு விழுந்தது. "இனி கூப்பிடுவாவ தாத்தா" என்றாள் சிஸ்டர். அவர் தலையாட்டினார். பிறகு, "சண்முகக்கனி, பேனா வச்சிருக்கியா?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி."

"அந்த உத்தமர் வரிய அடி. முழுசா அடி. அடிச்சிட்டு எழுது. எண்பத்தாறில் சம்பளம் வாங்காத தலைவர் வேண்டும் என்று இதே கேட்டில் நின்று கேட்டவன் நான். கேட்டது தவறு."

பேனா ஓடவில்லை. "அண்ணாச்சி, என்ன இது? இத போட்டா அவனுவ கைகொட்டிச் சிரிப்பானுவ. நம்ம ஆளுவளே கேப்பாவ. அந்தப் போராட்டம்தான நமக்கு..."

"இப்போ ஒரு ஆளு சிரிச்சாச்சுல்லா. மீதிப் பேரும் சிரிக்கட்டும். எழுதுடே. சம்பளம் வாங்காதவரை நாங்கள் கேள்வி கேட்க முடியவில்லை. டாக்டர் கிளாட்சன் அவர்களே, நீங்கள் வாங்குகிறீர்கள். மூன்றரை லட்சம் அதிகம், அதையும் கேட்போம். ஆனால் முதலில் இதைக் கேட்கிறோம்." நிறுத்தினார். மாசிலாமணியின் சிகரெட் புகை எங்கிருந்தோ வந்து போயிற்று. ஜன்னலைப் பார்த்துப் புகை விட்ட அந்தத் திமிர் பிடித்த மனுசனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. "இயக்குநர் முதல் ஆயா வரை ஒவ்வொருத்தர் சம்பளத்தையும் கேட்டில் பலகை போட்டு எழுதி வைக்க வேண்டும். பலகையைக் கீழிருந்து மேலே வாசிப்போம், அப்புறம் பேசுவோம். இவ்வளவுதான். அடியில என் பேரப் போடு."

பேனா ஓடியது. மெதுவாக, நம்பாமல் ஓடியது. "அப்போ மேல இருக்க காலி எடம்?" என்றான் சண்முகக்கனி. "ஆயாவுக்கோன்னு நிக்கே. அத என்ன செய்ய?"

தவசிமுத்து முகத்தை இடது பக்கம் திருப்பினார். கண்ணைத் திறந்தார். எல்லாம் வெளிச்சமாக இருந்தது. வெளிச்சத்துக்கு நடுவில் அவள் தலை ஒரு நரைத்த புகை, முகம் தெரியவில்லை. இந்தத் தடவை பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"ஏளா" என்றார். குரல் கேட்டில் பேசுகிற குரலாக இல்லை. "நீ வேலைய விட்டு நிக்கும்போது கடைசி மாசம் ஒனக்கு எவ்வளவு குடுத்தாவ?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள், கூட்டுக்குள் வைத்து மூடினாள், அந்தச் சின்ன டப் என்ற சத்தம் வரை காத்திருந்தார்.

"ஏழாயிரத்து நானூத்தம்பது."

"பிடிப்பு போகவா?"

"பிடிப்பு போவ."

"முப்பத்து நாலு வருசத்துக்கு அப்புறமா?"

"இதென்ன கோர்ட்டா? ஆமா."

சண்முகக்கனி எழுதிக்கொண்டான். தாளை மடித்தான், எழுந்தான், "வாரேன் அண்ணாச்சி" என்றான். அவன் குரலில் ஏதோ ஒன்று கூடியிருந்தது, அல்லது குறைந்திருந்தது. செருப்புச் சத்தம் வராந்தா முடிகிற இடத்தில் ஒரு கணம் நின்று, திரும்ப யோசித்ததுபோல நின்று, பிறகு வேகமாகப் படியிறங்கியது. வலது பக்கத்துக் கிழவர் யாரிடமோ, "இவரு ஆரு? பெரிய ஆளா?" என்று கேட்டார்.

"தவசிமுத்து தாத்தா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். எழுந்தார். தரை எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கை காற்றில் துழாவியது, ஒரு தோள் கிடைத்தது, எலும்பாக இருந்தது. "பிடிச்சிக்கிடுங்க. ரெண்டு படி இருக்கு, ரெண்டாவது படி கொஞ்சம் ஒசரம்" என்றாள் நேசம்மாள். இந்த இடத்தில் அவளுக்கு எல்லாப் படியும் தெரியும். முதல் படியில் கால் வைத்தார். ஏழாயிரத்து நானூற்றைம்பது. உதடு அசைந்தது. நூற்பாலை மானேஜரின் தொகையையும், கூட்டுறவு அலுவலரின் தொகையையும் பொதுக்கூட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் இப்படித்தான் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வார். இரண்டாவது படி உயரமாகத்தான் இருந்தது. தோளை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். ஏழாயிரத்து நானூற்றைம்பது, ஏழாயிரத்து நானூற்றைம்பது.

"என்ன முணுமுணுக்கிய?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, நட" என்றார்.